ஆட்டத்தில் செய்த அறம் அறமாகுமோ?

அறம் என்பது செயலில் உள்ளதா, அன்றி அச்செயலைச் செய்யும் நெஞ்சில் உள்ளதா என்பது பழைய வினா. உண்மையில் செய்யாத ஒரு செயலைச் செய்ததுபோல் நடிக்கும்போது அவ்வினாவுக்கு விடை யாது என்பது புதிய வினா. கதைவழி நடக்கும் வீடியோ விளையாட்டுகள் இப்புதிய வினாவை நம் இல்லங்களுக்குள் கொணர்ந்து வைத்துள்ளன. சிறுவர் பொழுதுபோக்குக்குச் சங்க மலரில் என்ன இடம் என அன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

கதையும் கையும்

இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பெ. சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் 1855இல் பிறந்த அவர், நம்மைப் போலவே மலையாள மண்ணில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் மகனார். 1891இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயம், மேடையில் நடிப்பதற்கு என்பதினும் படித்துச் சுவைப்பதற்கென்றே இயன்ற கவிதை நாடகம். படிப்பவன் தன் நெஞ்சிலேயே மேடை அமைத்து, எல்லாப் பாத்திரங்களையும் தானே நடத்திப் பார்க்க வேண்டும். குடிலனின் சூழ்ச்சியைப் படிக்கும்போது நாம் குடிலனாகிவிடுவதில்லை. ஆயினும் அச்சூழ்ச்சி நம் உள்ளத்தின் வழியாகவே நடந்து செல்கிறது. அதைத் தடுக்க மட்டும் நமக்கு வல்லமை இல்லை. கதை ஆசிரியர் கையில் உள்ளது.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்திலோ ஏணியும் பாம்பும் புண்ணிய பாவங்களைக் குறிப்பன; எனினும் ஏற்றுவதும் இறக்குவதும் தாயமேயன்றி நாம் அல்லோம். புதிய கதையாட்டங்களில்தான் முடிவு ஆசிரியரையும் தாயத்தையும் விட்டு நம் விரல்நுனிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மழைக்கால இரவுகள்

தள்ளுபடி விலை என்ற ஆசையால் நாமும் நம் மகனும் ஆண்டுதோறும் வாங்கிச் சேர்த்த கதையாட்டங்கள் இருபதுக்கு மேல். ஆடி முடித்தவை மிகச் சில. படிக்காத நூல்கள் அலமாரியிலிருந்து நம்மைப் பார்ப்பதுபோல் அவையும் கணினித் திரையில் வரிசையாக நின்று நம்மைப் பார்த்தன. மகன் கல்லூரிப் படிப்புக்குச் சென்னை சென்றான். இடவப்பாதி மழை ஓயாது பெய்த இரவுகளில், வெறிச்சோடிய அவன் அறையில் அமர்ந்து ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கினோம். அவற்றுள் மூன்று நம் உறக்கத்தைக் கெடுத்தன.

முதலாவது, லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்'. 1982ஆம் ஆண்டு; ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு; அதன் எல்லைச் சாவடியில் தாள்களைச் சரிபார்க்கும் ஊழியர் நாம். சரிபார்த்த தலைக்கு இவ்வளவு எனக் கூலி. அதைக் கொண்டு வாடகையும் உணவும் குளிருக்குக் கணப்பும் மருந்தும் பெற வேண்டும். தவறு நேர்ந்தால் முதலில் எச்சரிக்கைச் சீட்டு, பின்னர் அபராதம். ஒருநாள் ஒரு கணவன் முறையான தாள்களோடு வருகிறான்; அடுத்து வரும் தன் மனைவியிடம் இரக்கம் காட்டுமாறு வேண்டிச் செல்கிறான். அவளிடமோ நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. நாம் சிறிதும் தயங்காது அனுமதி முத்திரையைக் குத்தினோம். எச்சரிக்கைச் சீட்டு வந்து விழுந்தது. பெருமிதத்தோடு புன்னகைத்தோம்.

இரண்டாவது, போலந்து நாட்டின் வார்சா நகரில் உருவாகி 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்'. 1992இல் தொடங்கி நான்காண்டு நீடித்த சரயேவோ முற்றுகையை நினைந்து ஆக்கப்பெற்றது. இதில் நாம் படைவீரர் அல்லோம், பசித்திருக்கும் குடிமக்கள். 2020இல் போலந்து அரசு இதனைப் பள்ளி மாணவர்க்குரிய பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நம் கூட்டத்தில் ஒருவர் நோயுற்றார். தனித்து வாழும் முதிய தம்பதியரின் வீட்டில் உணவும் மருந்தும் இருந்தன. அவர்கள் எதிர்த்து நிற்க இயலாதவர். எடுத்துக்கொண்டோம். மறுநாள் நம் கூட்டத்தாரே அச்செயலை எண்ணி மனம் இடிந்து போயினர். நாமும் கணினியை அணைத்துவிட்டு நெடுநேரம் இருளில் அமர்ந்திருந்தோம்.

நம் சாளரம்

அவ்விருளில்தான் வேறொரு சாளரம் நினைவுக்கு வந்தது. அது நாம் நாள்தோறும் அமரும் அலுவலகச் சாளரம். சில ஆண்டுகளுக்கு முன், சாலைப் பக்கத்துத் தமிழ் மூதாட்டி ஒருவர் குடும்ப ஓய்வூதியம் தொடர்பாக வந்தார். ஒரு தாளில் அவர் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து. மற்றொன்றில் இந்நாட்டு வழக்கப்படி வீட்டுப் பெயரின் முதலெழுத்து. இரு வழக்குகளுக்கு இடையே வாழும் நம்மவர் பலர்க்கும் நேரும் இடர் இது. "பெயர் ஒத்துவரவில்லை அம்மா, சரிசெய்து கொண்டு வாருங்கள்" என்றோம். "ஒரு எழுத்துக்காகவா தம்பி?" என்று கேட்டார். விதியைச் சொன்னோம். படியிறங்கிப் போனார். அவர் மீண்டும் நம் சாளரத்துக்கு வரவில்லை.

திரையில் தோன்றிய ஒரு சித்திரத்துக்குக் காட்டிய இரக்கத்தை உயிருள்ள அம்மையார்க்கு ஏன் காட்டவில்லை? விடை வெட்கத்துக்குரியது. ஆட்டத்தில் நாம் இழந்தது ஒரு சீட்டு. விலை கொடாது செய்யும் அறம் ஒப்பனையே என்பதில் ஐயமில்லை. அபராதம் நம் உண்மையான ஊதியத்தில் பிடிக்கப்படுமாயின் அம்முத்திரையை அவ்வளவு விரைந்து குத்தியிருப்போமா என்று நம் நெஞ்சையே கேட்டோம். அது விடை கூறவில்லை.

அவ்வாறாயின் விதியை மீறுவதே அறம் என்பதா? அன்று. சாளரத்தில் அமர்ந்தவரின் இரக்கத்துக்கு ஏற்ப விதி வளையுமாயின், அழத் தெரிந்தவர்க்கு ஒரு நீதியும் அழத் தெரியாதவர்க்கு ஒரு நீதியும் என்றாகிவிடும். ஆட்டத்தின் குறை இங்கேதான் புலப்பட்டது. அங்கு மேசைமேல் இருந்தவை இரண்டே முத்திரைகள்: அனுமதி, மறுப்பு. வாழ்க்கையிலோ மூன்றாவது வழியும் உண்டு. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அப்போது வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் பெற முடிந்தது. அதை நாம் அறிந்திருந்தோம். இருக்கையை விட்டு எழுந்து, எந்த அலுவலகம், எந்தத் தாள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் விதியும் பிழைத்திருக்கும், அம்மையாரும் அலைந்திருக்க மாட்டார். நம் குற்றம் விதியைக் காத்தது அன்று, எழாமல் இருந்தது.

வெண்பாவின் அடுக்களை

மூன்றாவது கதையாட்டம் நம்மவர் கதை. கனடாவின் டொரண்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' குழுவினர் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 2024இல் பிரித்தானியத் திரைக் கழகமாகிய பாஃப்டாவின் முதல்படைப்பு விருதைப் பெற்றது. கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் கணவன் பாவலனும் கனடாவில் குடியேறிய தமிழர், மகன் கவின். தாய்வீட்டுச் சமையல் நூல் கிழிந்தும் எழுத்து மங்கியும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்டிலியும் புட்டும் செய்வதே ஆட்டம். புட்டைத் தங்கள் உணவென்று மலையாளிகளும் உரிமை கொண்டாடும் இவ்வூரில் அக்காட்சி இரட்டிப்பாகச் சுவைத்தது. வளர வளர மகன் அம்மொழியை விட்டு விலகுகிறான். பின்னர் அவனே அந்நூலைக் கையிலெடுக்கும் காலமும் வருகிறது.

நம் மகன் பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவனுக்குப் பேச்சு, எழுத்து அன்று. இதற்குக் காரணம் பள்ளி என்று இதுகாறும் கூறிவந்தோம். மாலைதோறும் அரைமணி நேரம் அவனருகே அமர்ந்திருக்கலாகாதோ என்று வெண்பா கேளாமல் கேட்டாள்.

விடை

ஆட்டத்தில் செய்த அறம் அறமாகாது. செய்த தீமையும் தீமையாகாது என்பதே நம் துணிபு. ஆனால் அவை இரண்டும் சாட்சிகளாகும். நாம் யார் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதற்கும் உண்மையில் யார் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அவை அளந்து காட்டுகின்றன. ஒத்திகை அரங்கேற்றம் ஆகாது. எனினும் பிழை எங்கே என்பது ஒத்திகையில்தான் தெரிகிறது. ஆட்டத்தில் பிழைத்தால் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். அம்மூதாட்டி படியிறங்கிய அந்நாளுக்கு நாம் திரும்பிச் செல்லுதல் இயலாது. எதிர்வரும் நாள்தான் நம் கையில் உள்ளது.

இப்போது நம் மேசையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சிறு சீட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். பெயர் ஒவ்வாது வருபவர்க்கு வழி கூறுபவை அவை. சென்ற திங்கள் மகனுக்கு, அவன் பாட்டியார் புட்டு அவிக்கும் முறையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அஞ்சலில் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். "எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன்பா, ஒரு சொல்லு மட்டும் புரியல" என்றான்.

அச்சொல்லை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஆட வேண்டிய கதைகள் இன்னும் பல வரிசையில் நிற்கின்றன. அவை காத்திருக்கட்டும்.