சுமந்தவர் செய்ததும் யோகமா?

வண்டிப்பெரியாரின் பாலத்துக்குக் கீழே ஓடும் பெரியாற்றை, மேலே காட்டுக்குள் தடுத்து நிற்கிறது முல்லைப்பெரியாறு அணை. 1887 முதல் 1895 வரை அதை எழுப்பிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைத் தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கும் சூட்டுகிறார்கள். தகும். ஆனால் அணைக்கான சுண்ணாம்பு மலைமேல் ஏறியது எவ்வாறு?

கம்பம் பள்ளத்தாக்கின் குருவனூற்றுப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லை வெட்டினார்கள். அது கம்பிவடத்தில் தொங்கித் தேக்கடிக்கு ஏறியது; அங்கிருந்து மாட்டுவண்டியிலும், பின்னர் ஆற்றில் படகிலும் சென்றது. ஏற்றி இறக்கிய கைகள் ஆயிரக்கணக்கானவை. மலேரியா உள்ளிட்ட நோய்களால் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர்.

பிரான்சு நாட்டின் சார்த்ர் நகரில், 1145-ஆம் ஆண்டில், பேராலயத்துக்கான கல்வண்டிகளை மக்கள் தம் தோளில் பூட்டி இழுத்தனர். அக்காலத்திலேயே இவ்வழக்கத்தைப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரபுக்களும் மாடுகளைப் போல இழுத்ததையும், பாவமன்னிப்பு வேண்டி மௌனமாக நடந்ததையும் அவர்கள் எழுதினர். லான் நகரப் பேராலயத்தின் கோபுரங்களில் எருதுகளின் சிலைகள் உள்ளன. கல் இழுத்த எருதுகளுக்கான நன்றி அது என்பர். (வண்டிக்காரனுக்குச் சிலை வைக்கத் தோன்றவில்லை போலும்!)

பிரபு இழுத்தது வழிபாடு. கூலியாள் சுமந்தது வெறும் பிழைப்பா? சங்கல்பமே செயலை வேள்வியாக்குகிறது என்று ஒருவர் வாதிடலாம். "அவனும் கர்மயோகியே" என்று மற்றொருவர் நெகிழலாம். இந்த இரண்டாவது விடைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பலனைத் துறப்பது வேறு, பலன் கைக்கு எட்டாமலே போவது வேறு. வைகைப் பாசனத்தில் விளைந்த நெல்லை உண்டவர்கள், காட்டில் காய்ச்சலில் விழுந்தவனுக்குத் தியாகி என்று பட்டம் சூட்டுவது எளிது. அவன் துறக்கவில்லை, இழந்தான்.

பிழைப்பு என்பது இழிந்த சொல்லும் அன்று. மகாபாரதத்தின் தர்மவியாதர் இறைச்சி விற்றுப் பெற்றோரைப் பேணியவர். தவம் செய்த அந்தணருக்கே அறம் உரைத்தவர். குழந்தைகளின் கஞ்சிக்காகக் கல் சுமந்தவனின் கடமைக்கு நம் சான்றிதழ் தேவையில்லை.

அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கில் சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அந்த உபதேசம் செயலாற்றுபவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளத் தந்த உரைகல். பிறர் வியர்வையை உரசிப் பார்ப்பதற்கு அன்று.

வண்டிப்பெரியாரின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டையோடு எடைபோடும் இடத்துக்கு நடக்கும் பெண்களில் பலர், மலையின் கீழ்த்திசையிலிருந்து ஏறி வந்த தமிழ்க் குடும்பத்தினர். சத்சங்கம் முடிந்து நம் கைக்கு வரும் தேநீர் அத்தகைய தோள்களிலிருந்து இறங்கியது.