உபகாரச் சம்பளமும் மாணவன் மானமும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் கல்வி உதவி நிதி வழங்கும் வைபவத்திற்கு வருகை தந்த அன்பர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. பிரமுகர்கள் பேசினார்கள். பிரியாணியும் நன்றாகவே அமைந்திருந்தது. பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டு, பெரிய அட்டையில் செய்த செக்கின் ஒரு முனையை மாணவரும் மறுமுனையைக் கொடையாளரும் பிடித்துக்கொள்ளப் படம் எடுக்கப்பட்டது. அழைக்கும்போது பெயரோடு, தகப்பனார் செய்யும் தொழிலும், மாத வருமானமும், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. அப்படி வாசிக்க வேண்டும் என்று கமிட்டியில் யோசனை கூறியவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். கேட்பவர் மனம் இளகும், அடுத்த ஆண்டு நிதி பெருகும் என்று கணக்குப் போட்டோம்.

ஒரு பெண் பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டது. ரொட்டி சானாய் போடும் தொழிலாளியின் மகள், நான்கு பிள்ளைகளில் மூத்தவள், பொறியியல் படிக்கப் போகிறவள். பின்வரிசையில் அமர்ந்திருந்த அவளுடைய வாப்பா, வருமானத் தொகை வாசிக்கப்பட்டபோது எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நாம் நினைத்தோம். சாப்பாட்டுக்கும் அவர் திரும்பி வரவில்லை.

எட்டாம் நாள் அசர் தொழுகை முடிந்த நேரத்தில் அவர் நமது கடைக்கு வந்தார். வாடிக்கைக்காரர்கள் போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, "பாய், அந்தப் பணத்தை உங்க ஐந்நூற்று ஐம்பத்தஞ்சுப் புத்தகத்துல என் பேர்ல எழுதிக்குங்க. மாசா மாசம் கொடுத்துக் கழிச்சிடுறேன்" என்றார்.

"அது கடன் இல்லையே பாய், பிள்ளை படிப்புக்குக் கொடுத்தது" என்றோம்.

"எழுதிக்குங்க பாய். எழுதினாத்தான் நான் ஜும்ஆவுக்கு நிமிர்ந்து வர முடியும்" என்றார்.

555 என்று அட்டையில் போட்ட அந்தச் சிறு புத்தகத்தை அறியாத மளிகைக் கடைக்காரர் இந்த மலாயா மண்ணில் இல்லை. சட்டைப்பையில் அடங்கும் அந்தப் புத்தகத்தில் எத்தனை குடும்பங்களின் அரிசியும் பருப்பும் எழுதப்பட்டுக் கழிக்கப்பட்டிருக்கின்றன! பற்று எழுதிச் சாமான் வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்பதில்லை. "நல்ல வெங்காயமாப் பார்த்துப் போடுங்க" என்று அதிகாரத்தோடு கேட்கிறார். அவர் கேட்பதை நாமும் தவறாக நினைப்பதில்லை. ஆனால், சல்லிக் காசு திருப்பித் தரவேண்டியதில்லை என்று நாம் கொடுத்த பணம் ஒரு மனிதரைக் கூனிக் குறுகச் செய்துவிட்டது. கடன்பட்டவன் நிமிர்ந்து நிற்க, தானம் பெற்றவன் குனிந்து நிற்பானேன் என்ற கேள்வி அன்று முதல் நம்மை விடவில்லை. நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதியதையும், கல்லாப் பெட்டியருகே கற்றதையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் தேவை எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. ஆகவே, இடம் கிடைத்துவிட்டால் கவலையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். பதிவு நாளன்று கட்டவேண்டிய தொகை, விடுதிக் கட்டணம், மடிக்கணினி, படுக்கை, பஸ் செலவு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். 1997-இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கடன் தருகிறது. ஆண்டுக்கு 1 சதவீதம் உஜ்ரா. எனினும் அந்தப் பணம் கைக்கு வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும். முன்பணம் கிடைத்தாலும் அது எல்லாவற்றுக்கும் போதாது. 1966-இல் அமைந்த மாரா பூமிபுத்ராக்களுக்கானது. நம் பிள்ளைகளில் பலர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆக, கல்லூரி வாசல் வரை வந்துவிட்ட பிள்ளை, உள்ளே கால் வைக்க இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி இல்லாமல் நிற்கும் இடத்தில்தான் நமது சங்கத்தின் உதவி தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் "மேடைக்கு வா" என்றால் எந்தப் பிள்ளையும் வரும். வந்ததனால் அதற்குச் சம்மதம் என்று கொள்ளலாமா?

இல்லாமையோடு கல்வி கற்ற மாணவர் நமது சரித்திரத்திற்குப் புதியவரல்லர். மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த ஏழை ஸஹாபாக்களைத் திண்ணைத் தோழர்கள் என்று நாம் சிறுவயதில் ஓதியிருக்கிறோம். வீடில்லை, வியாபாரமில்லை; ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் கற்பதே அவர்களுடைய வேலை. அவர்களில் ஒருவரான அபூஹுரைரா (ரலி) ஒருநாள் பசி தாளாமல் பாதையோரம் அமர்ந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். பசிக்கிறது என்று சொல்ல நா எழவில்லை. ஓர் ஆயத்தைப் பற்றிக் கேட்டார்கள், கேட்டால் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள் என்ற நினைப்பில். அபூபக்கர் (ரலி) பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் உமர் (ரலி) வந்தார்கள், அவர்களும் அப்படியே. அதன்பின் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், உள்ளத்தில் இருப்பதை அறிந்துகொண்டார்கள், புன்னகைத்தார்கள், வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் இருந்தது ஒரு கிண்ணம் பால். திண்ணைத் தோழர்கள் எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார்கள். பசித்திருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்து, மற்றவர்களுக்குப் புகட்டச் சொன்னார்கள். எல்லோரும் வயிறாரக் குடித்தபின் அவரைக் குடிக்கச் சொல்லி, இனி இடமில்லை என்று அவர் சொல்லும்வரை குடிக்கவைத்து, கடைசியில் தாங்கள் அருந்தினார்கள். சின்ன வயதில் இதை நாம் பாலில் நிகழ்ந்த பரக்கத்தின் அற்புதமாக மட்டுமே கேட்டோம். இப்போது நினைக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. பசி அங்கே பறைசாற்றப்படவில்லை; முகத்திலிருந்து வாசித்துக்கொள்ளப்பட்டது. வாங்க வந்தவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்து அவரையே கொடுப்பவராகவும் ஆக்கிவிட்டார்கள். ஹதீதுகளை மிக அதிகமாக அறிவித்த ஸஹாபி அந்த மாணவர்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அப்படித்தான். கம்பளி நூற்று விற்றுப் பிழைத்தவரின் மகன். தந்தை இறந்தபின் கைப்பொருள் தீர்ந்துபோக, மதரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று பொறுப்பாளர் அனுப்பி வைத்ததாக வரலாற்றில் காண்கிறோம். கேவலம் சோற்றுக்காகச் சேர்ந்த பிள்ளை என்று அன்று யாராவது மேடையில் படித்திருந்தால், ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்ற பட்டத்திற்கு உரியவர் எந்த வழியாக எழுந்து போயிருப்பாரோ, அல்லாஹ்வே அறிவான்.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் வாங்கியவர் மனத்தைப் புண்படுத்துவதும் தர்மத்தையே அழித்துவிடும் என்று அல்பகரா சூராவின் 264-ஆம் ஆயத்து எச்சரிக்கிறது. நாம் யாரையும் ஏசவில்லை, சொல்லிக் காட்டவுமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஒலிபெருக்கியில் ஒருவருடைய வருமானத்தை வாசித்தது சொல்லிக் காட்டுவதில் சேராதா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொண்டபோது நமக்குப் பதில் கிடைக்கவில்லை. செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்று 51-ஆம் சூராவில் வருகிறது. உரிமை என்ற சொல்லை வியாபாரிகளாகிய நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மொத்த வியாபாரிக்கு நாம் தரவேண்டிய பாக்கியைக் கொடுக்கும்போது அவரை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறோமா?

இனி, எதிர்த்தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் பார்ப்போம். பகிரங்கமாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும் என்கிறார்கள். இது உண்மை. வெளிப்படையாகக் கொடுப்பதையும் குர்ஆன் நல்லதென்றே சொல்லி, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிடச் சிறந்ததென்கிறது. நன்யாங் பல்கலைக்கழகத்திற்காக 1954-இல் சிங்கப்பூர் டிரைஷா ஓட்டிகள் ஒருநாள் வரும்படியைக் கொடுத்தது இன்றும் பேசப்படுகிறது. பேசப்படுகிறவர்கள் கொடுத்தவர்கள், அந்தப் பணத்தில் படித்தவர் இன்னார் மகன் என்று யாரும் பேசுவதில்லை. கொடையாளர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. அது அவருடைய நிய்யத்து, அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம். வாங்கியவர் பெயர் அவருடைய சொத்து. அதைச் செலவு செய்ய நமக்கு அதிகாரம் யார் தந்தது?

கணக்குக் காட்ட வேண்டாமா என்கிறார்கள். கட்டாயம் காட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கை அங்கத்தினர் முன் வைத்துச் சங்கப் பதிவிலாகாவுக்கும் அனுப்பித்தான் ஆகவேண்டும். எத்தனை பேர், எந்தப் படிப்பு, மொத்தம் எவ்வளவு என்று அச்சிட்டால் போதும். ரசீதுகளைத் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார்.

ஏமாற்றுகிறவர்கள் வருவார்களே என்றும் கேட்கிறார்கள். வருவார்கள். ஆனால் சம்பளச் சீட்டுக் கேட்பதனால் அவர்கள் நிற்கப்போவதில்லை. உண்மையில் அதனால் தடுக்கப்படுகிறவர் ரொட்டி போடுகிறவரும் பாசார் மாலத்தில் கடை விரிக்கிறவரும்தான். அவர்களுக்கு ஏது சம்பளச் சீட்டு? தெருவில் கடை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது எந்தச் சீட்டும் இல்லாமலே தெரியும். இருவர் விசாரித்து, காரியதரிசியிடம் மட்டும் சொன்னால் முடிந்தது.

தானமாகக் கொடுக்காமல் கர்ளு ஹஸனாக, வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்தால் மானமும் நிற்கும், நிதியும் சுழலும் என்று நம் அங்கத்தினரில் சிலர் சொல்வதுதான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. ரொட்டிக் கடைக்காரர் கேட்டதும் அதுதானே? ஆயினும் நமக்குத் தயக்கம் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. உயர்கல்விக் கழகத்தின் கடன் ஏற்கனவே அதன் தலையில் ஏறப்போகிறது. படிப்பு முடியுமோ, வேலை கிடைக்குமோ, உடம்பு ஒத்துழைக்குமோ தெரியாது. கடன் வைத்து மௌத்தானவருக்கு ஜனாஸா தொழவைக்கு முன் அதைத் தீர்க்க வழியுண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள் என்பதை ஓதியிருக்கும் நாம், அந்தப் பாரத்தை ஒரு பிள்ளையின் கழுத்தில் இலேசாக மாட்டிவிடலாகாது. விரும்பிக் கேட்பவருக்குக் கடனாகக் கொடுக்கலாம். ஜாமீனும் தவணைத் தேதியும் வேண்டாம். முடியாதவருக்கு அவகாசம் கொடுக்கவும், விட்டுவிடுவது மேலென்றும் 2:280 சொல்வதை அந்தப் பத்திரத்தின் தலைப்பிலேயே எழுதிவிடலாம். மற்றவர்களுக்குத் தானமாகவே இருக்கட்டும்.

ரொட்டிக் கடைக்காரர் விஷயத்தில் நாம் பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டோம். கொடுத்தது கொடுத்ததுதான், அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தம், அதைக் கடன் என்று எழுதினால் நீங்கள் எழுதுவது பொய்க்கணக்கு என்றார்கள். அவர் தம் கைப்பணத்திலிருந்து ஏதாவது கொடுத்தால் அது அவருடைய ஸதகா, அதைத் தடுக்க நீங்கள் யார் என்றும் கேட்டார்கள். அடுத்த முறை அவர் வந்தபோது நாம் முதலில் மன்னிப்புக் கேட்டோம், வாசிக்கச் சொன்னது நாம்தான் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உஸ்தாது சொன்னதைச் சொல்லி, "நீங்க தர்ற பணம் வேறொரு பிள்ளையோட பஸ் செலவுக்குப் போகும்" என்றோம்.

சற்று நேரம் கல்லா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படின்னா சரி பாய். ஆனா அது யாருன்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றார்.

புதிதாக ஒரு 555 புத்தகம் போட்டோம். சில மாதம் முப்பது வெள்ளி, சில மாதம் இருபது வெள்ளி வருகிறது. நோன்பு மாதத்தில் ஐம்பது வந்தது.

இவ்வாண்டு மாணவர்களை மேடைக்கு அழைப்பதா, பணத்தை அவரவர் பாங்குக் கணக்கில் சேர்த்துவிடுவதா என்பது அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முடிவாக இருக்கிறது. படம் இல்லாவிட்டால் பணமும் இல்லை என்று கொடையாளர் இருவர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்துவந்தது சிறு தொகையல்ல. இரண்டு பிள்ளைகளின் முதல் பருவச் செலவு. அதைப் பத்துக் கடைகள் பகிர்ந்துகொண்டால் ஒரு கடைக்குப் பெரிய பாரமாகாது. நமது கடை அதில் ஒன்று. இன்னும் ஒன்பது வேண்டும். விருப்பமுள்ள வியாபார அன்பர்கள் கூட்டத்திற்கு முன் காரியதரிசியிடம் தெரிவிக்கக் கோருகிறோம். தங்கள் பெயரை இப்பத்திரிகையில் போட வேண்டுமா, வேண்டாமா என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.