இருளும் ஒப்புரவும்

சூறாவளி ஏழை, செல்வன் எனப் பார்த்து வீசுவதில்லை. அது ஓய்ந்தபின் சூழும் இருளும் யாவர்க்கும் பொதுவானதே என்பர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளை விழுங்கின. களனி கங்கை பெருக்கெடுத்துக் கொழும்பை அண்டிய தாழ்நிலங்களை மூடியது. நாட்டின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டன. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலின்போது கிராமங்கள் பலவற்றில் மின்சாரமே இருக்கவில்லை. அங்கு விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்தது; நீர் கிணற்றில் இருந்தது. இன்றைய மின்தடையோ வெறும் வெளிச்சக் குறைவன்று.

வெள்ளவத்தையில் எட்டு மாடிகள் கொண்ட தொடர்மாடி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மின்சாரம் நின்றால் மேல்தாங்கிக்கு நீரேற்றும் மோட்டாரும் நிற்கும்; மின்தூக்கி அசையாது. மேல்மாடியில் முழங்கால் நோவுடன் வாழும் மூதாட்டி சிறையிருப்பவர் போலாவார். கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் தந்தைக்குரிய இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். அயல்வீட்டிலோ மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருக்கும். ஒரே இருள்தான், ஆனால் அது வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றது. புயல் இயற்கையின் செயல். இவ்வேறுபாடோ மனிதர் ஆக்கியது. நேர்ந்த துன்பத்தை வெறும் விதி என்று ஒதுக்குவதா, அநீதி என்று கொள்வதா என்பது பெரும்பாலும் நாம் செய்யும் தெரிவே என ஜுடித் ஷ்க்லார் என்னும் அறிஞர் 1990 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டமை ஈண்டு கருதத்தக்கது.

இதற்கு மறுப்பும் உண்டு. மின்பிறப்பாக்கியை வாங்கியவர் தமது பணத்திலேயே வாங்கினார். புயலை அவர் அழைக்கவில்லை. எனவே அவர் பகிர்ந்தால் அது அவரது பெருந்தன்மை. பகிராவிடின் குற்றமில்லை என்பர். இவ்வாதம் உதவி அனைத்தையும் ஈகையாகவே காண்கின்றது. வள்ளுவரோ ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வேறு வேறாக வைத்தார். ஈகை இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடனென அறிந்து செய்வது. முன்னதில் கொடுப்பவன் உயர்ந்து நிற்கிறான். பின்னதில் இருவரும் ஒரே நிலத்தில் நிற்கின்றனர்.

மின்சாரம் ஒப்புரவின்பாற்பட்டது என்பதற்குக் களனி கங்கையே சான்று. அதன் மூலநதிகளாகிய கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவுமே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பி லக்சபான நிலையங்களை இயக்குகின்றன. 1950 முதல் அம்மலைநீர் கொழும்புக்கு ஒளி தந்து வருகின்றது. அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த சரிவுகளில் வாழ்வோர் தோட்டத் தொழிலாளர். நமது விளக்கு நாம் கட்டணம் செலுத்தியதால் மட்டும் எரிவதன்று. பலரது நிலமும் உழைப்பும் அதில் எரிகின்றன. அவ்வொளியில் கற்றுப் பொருளீட்டியவர், தம் மின்பிறப்பாக்கி எவர்க்கும் கடன்படாதது என முற்றாகக் கூறவியலாது.

அவ்வாறாயின் அவர் ஒழுங்கை முழுவதற்கும் ஒளியூட்ட வேண்டுமா? இல்லை. எரிபொருளுக்கு எல்லையுண்டு, கடனுக்கும் எல்லையுண்டு. தமது தொலைக்காட்சிக்கு முன்னர் அயலவரின் இன்சுலினுக்குக் குளிரூட்டிடம், கைப்பேசிக்குச் சிறிது மின், மேல்மாடிக்கு ஒரு வாளி நீர் என்பன தேவையின் வரிசையில் முந்துவன. அவற்றை மறுப்பது கருமித்தனம் மட்டுமன்று, கடன் மறுத்தலுமாகும்.

மின்கம்பிகளைச் சீர்செய்வோர், ஒரே வேலையால் மிகப் பலருக்கு ஒளி கிட்டும் இடத்தை முதலில் நாடுவது இயல்பு. அது நியாயமான கணக்கே. ஆயினும் அக்கணக்கில் ஐதாக மக்கள் வாழும் மலைச்சரிவு கடைசியாகவே வரும். எனவே ஒப்புரவுக்குரிய உண்மைச் சோதனை இருளில் நிகழ்வதன்று. இருளில் யாவரும் மெழுகுதிரியைப் பகிர்ந்துகொள்வர். நம் வீட்டு விளக்கு எரிந்ததும் மற்றவரது இருள் செய்தியாகச் சுருங்கிவிடுகின்றது. மின்சாரம் மீண்ட முதல் இரவில், இன்னும் மீளாத இடம் எதுவென வினவுவதே கற்றோர் கடனாகும்.