குழந்தையின் தாகம் தீர்ப்பதும் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. வெயில் இன்னும் தணியவில்லை. காலையில் பிள்ளையின் பையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்கிறோம். மாலையில் பிள்ளை வந்ததும் அந்த பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். "ஏன் குடிக்கவில்லை?" என்று ஒரு அதட்டல் போடுகிறோம். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுநாளும் நிரப்பி அனுப்புகிறோம். காரணத்தை மட்டும் கேட்பதில்லை. இன்றைய பயானில் அதைத்தான் பேசப் போகிறோம்.

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹுத் தஆலா சூரத்துல் அன்பியாவின் 30ஆவது வசனத்தில் சொல்கிறான். பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். பெரியவர்களுக்கு இது அதைவிடக் குறைவு. குழந்தையின் உடம்பு சிறியது, ஓட்டம் அதிகம், வியர்வை வழியாகவும் மூச்சு வழியாகவும் தண்ணீர் சீக்கிரம் வெளியேறிவிடும். தாகம் எடுத்தாலும் விளையாட்டு மும்முரத்தில் அதற்குத் தெரியாது. அதனால் பெரியவர்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

ஹாஜர் அம்மையாரின் ஓட்டம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போனவர்கள் எல்லோரும் ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை ஸஃயு செய்திருக்கிறோம். அது எதற்கான ஓட்டம்? பச்சிளம் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்கள் தாகத்தால் துடித்தபோது, ஒரு வாய்த் தண்ணீர் தேடி அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் ஓடிய ஓட்டம். அல்லாஹ் நாடியிருந்தால் முதல் நொடியிலேயே ஸம்ஸமைத் தந்திருப்பான். ஆனால் அந்தத் தாயை ஓட வைத்து, அந்த ஓட்டத்தையே கியாமத் நாள் வரை வணக்கமாக ஆக்கிவிட்டான். பிள்ளையின் தாகத்துக்காகப் படுகிற பாடு அல்லாஹ்விடம் அவ்வளவு மதிப்புள்ளது.

ஸம்ஸம் பொங்கியதும் அம்மையார் தாமும் குடித்தார்கள், குழந்தைக்கும் பால் கொடுத்தார்கள் என்று புகாரியில் வரும் ஹதீஸ் சொல்கிறது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், வெயில் காலம் என்று தனியாகத் தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். பாலூட்டும் பெண் நின்ற கால் நிற்க வேலை செய்துகொண்டிருக்கிறாளா, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவாவது உட்கார்ந்தாளா என்று கவனிப்பது கணவனின் கடமை, மாமியாரின் கடமை.

சிறுவரின் கையில் கொடுத்த பாத்திரம்

நபி (ஸல்) அவர்களின் சபைக்கு ஒரு முறை பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் குடித்தார்கள். வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் வயதில் பெரியவர்கள். பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டுமா என்று அந்தச் சிறுவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதி கேட்டார்கள். உங்களிடமிருந்து எனக்கு வரும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அந்தச் சிறுவர். நபியவர்கள் அதட்டவில்லை. பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. குடிக்கும் தண்ணீரில் குழந்தைக்கு ஓர் உரிமை உண்டு என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்?

உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, வலது கையால், மூன்று மூச்சில் குடிப்பது ஸுன்னத். பிள்ளைக்கு இந்த ஸுன்னத்தைப் பழக்கினால் தண்ணீர் குடிப்பதும் சேர்ந்தே பழக்கமாகிவிடும். நாம் வீட்டில் எப்படிக் குடிக்கிறோமோ அதைப் பார்த்துத்தான் அவர்கள் குடிப்பார்கள்.

பாட்டில் ஏன் நிறைந்தே திரும்புகிறது?

பெரியோர்களே! பிள்ளைகளிடம் அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் உம்மாமார்கள் கேளுங்கள். பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். அங்கே போக முடியாது." கழிப்பறை அசுத்தம், தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வருவதில்லை, பாடத்தின் நடுவே கேட்டால் திட்டு விழும். அதனால் காலையிலிருந்து மாலை வரை தாகத்தை அடக்குகிறார்கள், சிறுநீரையும் அடக்குகிறார்கள். பலன் என்ன? தலைவலி, சோர்வு, மலச்சிக்கல், சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று. பாடத்தில் கவனம் நிற்பதில்லை. மாலையில் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார்கள். நாமோ பிடிவாதம், சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறோம்.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானதை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பூனைக்கே இந்தக் கேள்வி என்றால், ஓர் அறையில் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கும் நம் பொறுப்பு எவ்வளவு பெரியது! ஆசிரியராக இருந்தாலும், மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதாக இருந்தாலும், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கேட்கும் பிள்ளையை மறுக்கக் கூடாது. கேரளாவில் 2019ஆம் ஆண்டிலேயே பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிக்கவென்று தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2025இல் அந்த ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது, கழிப்பறைக் கதவும் ஒழுங்காகச் சாத்த வேண்டும்.

ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று பதில் வந்தது. அவர்கள் கிணறு தோண்டினார்கள். கோடையில் நாம் ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், மாஷா அல்லாஹ். அதே ஸதகா பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் போகட்டும். ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு தாழ்ப்பாள், கழிப்பறை சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம். மர்ஹூமான உங்கள் தாய் தந்தையின் பெயரில் இதைச் செய்யுங்கள்.

எவ்வளவு, எது?

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு, சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் நீர் தேவை. வெயிலில் விளையாடினால் இன்னும் கூடும். அளவு பார்ப்பதைவிடச் சுலபமான வழி, சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சள் என்றால் போதுமான தண்ணீர் உள்ளது. அடர் மஞ்சள் என்றால் குறைவு. வற்புறுத்தி லிட்டர் கணக்கில் புகட்டவும் வேண்டாம். உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. தண்ணீர், மோர், இளநீர், நுங்கு, தர்பூசணி என்று அல்லாஹ் தந்தவை இருக்க, பாட்டிலில் அடைத்த சர்க்கரைத் தண்ணீர் எதற்கு?

வயிற்றுப்போக்கு வந்தால்தான் உண்மையான ஆபத்து. அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். குடலில் சர்க்கரை உப்பையும், உப்பு தண்ணீரையும் உள்ளே இழுத்துச் செல்லும் என்பதுதான் அதன் சூட்சுமம். 1971 போரின்போது வங்காள எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகவே கிடைக்கும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அந்தப் பெயரைப் போட்டு விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. கண் குழி விழுந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, சிறுநீர் நின்றாலோ, பிள்ளை துவண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிள்ளைகளின் நோன்பு

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸஹாபாக்கள் ஆஷூரா நோன்பில் தம் பிள்ளைகளைப் பழக்கினார்கள். பசித்து அழுதால் கம்பளியால் செய்த பொம்மை கொடுத்துத் தேற்றினார்கள். இது பழக்கம், கடமை அல்ல. பருவமடையாத பிள்ளை மீது நோன்பு ஃபர்ளு இல்லை. தாங்கும் சக்தி இருந்தால்தான் பழக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம். "இத்தனை நேரம் இருந்துவிட்டாய், இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று, மயங்கிக் கிடக்கும் பிள்ளையைச் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். நீங்களே தண்ணீரை எடுத்து வாயில் வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதில் பாவமில்லை. ஆனால் அதைத் துன்புறுத்தினால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

கியாமத் நாளில் அடியானிடம் முதலில் கேட்கப்படும் அருட்கொடைகளில் உடல் ஆரோக்கியமும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு என்று திர்மிதியில் வருகிறது. நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள், பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பதும் நபிமொழி. நாம் குடித்த தண்ணீருக்கும் கேள்வி உண்டு. நம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போன தண்ணீருக்கும் கேள்வி உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தைத் தந்தருள்வாயாக. அவர்களை அமானிதமாகப் பேணும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக. தண்ணீரின்றித் தவிக்கும் எல்லாக் குழந்தைகளின் தாகத்தையும் தீர்ப்பாயாக. நாளை மஹ்ஷரில் எங்களுக்கும் எங்கள் சந்ததிக்கும் பெருமானார் (ஸல்) அவர்களின் திருக்கரத்தால் ஹவ்ளுல் கவ்ஸரைப் புகட்டுவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.