கம்பளியும் தவமும்

கூடலழகரைச் சேவித்துப் பழகிய மதுரைக் குடும்பங்களில், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் எட்டாக் கையில் இருக்கும் பதரிகாச்ரமத்தையும் நேபாளத்து முக்திநாத்தையும் உடம்பில் தெம்பிருக்கும்போதே தரிசித்துவிட வேண்டும் என்ற ஆசை அறுபது வயதுக்கு மேல் தலையெடுப்பது இயல்பு. வைகாசி வெயிலில் ரயிலேறி, 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் போய் இறங்குகிற அந்த யாத்ரிகர்களுடைய பெட்டிகளில், திருமண் பெட்டிக்கும் புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கும் நடுவே, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ வாங்கி அனுப்பிய மெரினோ கம்பளி உள்சட்டை ஒன்றும் இப்போதெல்லாம் இடம் பெற்றிருக்கிறது. முதல் யாத்திரையில் பட்டுப்போல் இருந்த அந்தச் சட்டை, ஊர் திரும்பித் துவைக்கப்பட்டு, பீரோவில் பாச்சை உருண்டையோடு சில காலம் கிடந்து, அடுத்த யாத்திரைக்கு எடுத்து அணியும்போது கழுத்திலும் விலாவிலும் குத்தத் தொடங்கிவிடுகிறது. அப்போது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிற சமாதானம் ஒன்றுண்டு: யாத்திரை என்பதே ஒரு தவம், க்ஷேத்திரத்துக்குப் போகிறவன் தோலின் சுகத்தை நினைக்கலாகாது, பொறுத்துக்கொள்வதும் புண்ணியக் கணக்கில் சேரும் என்பது அது. கேட்பதற்கு அழகாக இருக்கும் இந்தச் சமாதானத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் தெரியாத துன்பத்துக்குப் புண்ணியப் பட்டம் கட்டுவது விவேகமாகாது. ஆகையால் குத்தலின் காரணத்திலிருந்தே தொடங்குவோம். கம்பளி உடம்பை உறுத்துவது பெரும்பாலும் ஒவ்வாமையால் நிகழ்வதன்று. துணியின் மேற்பரப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழைநுனிகள் தோலில் ஊன்றும்போது, மெல்லிய இழை வளைந்து கொடுத்துவிடுகிறது. தடித்த இழையோ வளையாமல் நின்று, தோலுக்கடியிலுள்ள நரம்பு நுனிகளைக் கிளர்த்திவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். மனிதருடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான் தடிப்புடையது. மெரினோ ஆட்டின் ரோமம் ஏறக்குறைய 15 முதல் 24 மைக்ரானுக்குள் அடங்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்து கலந்திருந்தாலே பலருக்குக் குத்தல் தெரியும் என்பது கம்பளி ஆய்வாளர் கண்ட கணக்கு. நல்ல மெரினோ புதிதில் குத்தாததற்குக் காரணம் இதுவே. பின்னால் அது குத்தினால், பெரும்பாலும் நாம் அதற்குச் செய்த உபசாரத்தின் பலன்தான். கம்பளியும் மயிரே ஆகையால், சலவைப் பொடியின் காரம் அதன் மேலுள்ள நுண்செதில்களை எழுப்பிவிடுகிறது. ரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் கரைப்பதற்கென்று பொடியில் சேர்க்கும் நொதி, கறைக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் பாராமல் இரண்டையும் தின்கிறது. சுடுநீரும் இயந்திரத்தின் சுழற்சியும் சேர்ந்து செதில்களை ஒன்றோடொன்று பிணைத்துத் துணியைத் திரித்து இறுக்கிவிடுகின்றன. இவற்றோடு, மதுரையின் புறநகர்களில் ஆழ்குழாயிலிருந்து வரும் உப்புத் தண்ணீர், சோப்போடு கூடிக் கரையாத வெண்படிவாக இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. வயதானவர்களின் தோல் இயல்பாகவே வறண்டது; மலைக்காற்று அதை மேலும் வறட்டிவிடுகிறது.

பரிகாரம் எளியது, பொறுமையை மட்டும் கேட்பது. ஒரு வாளி நல்ல தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பையோ, பட்டுப்புடவைக்கு நம் வீடுகளில் பயன்படும் பூந்திக்கொட்டைச் சாற்றையோ கலந்து, சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிச் சிறிது நேரம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி அழுக்கெடுக்க வேண்டும்; அலசும் கடைசித் தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி வெள்ளை வினிகரைச் சேர்த்தால், எஞ்சிய காரமும் வெண்படிவும் அகன்று செதில்கள் படியும். பிறகு முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாயின்மேல் பரப்பி உலர்த்தி, மேலே ஈரத்துணியிட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால், எழுந்து நின்ற நுனிகள் பெரும்பாலும் படிந்துவிடுகின்றன. அடிக்கடி துவைக்காமலிருப்பது இவை எல்லாவற்றிலும் மேலானது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரையில் நீராவியை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாதது, பருத்தியைப்போல் விரைவில் நாறாதது. நிழலில் காற்றாட விரித்தாலே போதும். பருத்தியைத் தினந்தோறும் நனைத்து உலர்த்தினால்தான் மடி என்று கொள்கிற ஆசாரக் குடும்பங்கள் பட்டையும் கம்பளியையும் மட்டும் நனைக்காமலே மடியாக ஏற்றுக்கொண்டன; ஆசாரத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவாயினும், கம்பளிக்கு அது அநுகூலமாகவே முடிந்தது.

ஓர் உள்சட்டைக்கு இத்தனை சிசுருஷையா, இது தேகாபிமானம் அல்லவா என்று கேட்பவர்களுக்கு வேதாந்தம் படித்த அண்டை வீட்டாரே துணை நிற்பார்கள். திதிட்சையைச் சாதகனுடைய ஆறு சம்பத்துகளில் ஒன்றாக ஆசாரியர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்று நினைவூட்டுவார்கள். உண்மைதான். ஆனால் திதிட்சை என்பது வந்து சேர்கிற சீதோஷ்ணங்களையும் சுகதுக்கங்களையும் புலம்பாமல், சிந்தையைக் கலக்கவிடாமல் ஏற்பது. பதரியின் குளிர் அவ்வாறு வந்து சேர்வது. யாரும் அதை வாளித் தண்ணீரில் கழுவிவிட முடியாது. சட்டையின் குத்தலோ அரைமணி நேர வேலையில் அகலக்கூடியது. அகற்றக்கூடிய துன்பத்தை அகற்றாமல் வைத்துக்கொண்டு அதற்குப் பொறுமை என்று பெயரிடுகிறவனிடம், சோம்பலோ, தன் பொறுமையைப் பிறர் காண வேண்டும் என்ற ஆசையோ ஒளிந்திருக்கக் கூடும். சந்நிதியில் திரை விலகும் கணத்தில் அவன் கை விலாவைத் தேடுமானால், தோலை மறப்பதற்காக மேற்கொண்ட விரதம் தோலையே தியானப் பொருளாக்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூன்று குணங்களாகப் பகுக்கும்போது, டம்பத்தோடும் அகங்காரத்தோடும் உடலை வதைப்பதைச் சாத்துவிகத்திலோ ராஜசத்திலோ சேர்க்காமல் அசுர நிச்சயத்தின்பாற் படுத்தியிருப்பது இங்கே கவனிக்கத்தக்கது.

முரட்டு ஆடை ஞானத்தின் அடையாளமாகிவிடாது என்பதற்குப் பாரத நாட்டுச் சரித்திரத்திலேயே வேடிக்கையான சாட்சி இருக்கிறது. புத்தருடைய காலத்தில் அஜித கேசகம்பலர் என்ற ஆசிரியர் மயிரால் நெய்த கம்பளத்தைப் போர்த்தித் திரிந்தார். அவர் போதித்ததோ, மறுமை இல்லை, தானத்துக்கும் வேள்விக்கும் பலனில்லை, உடலோடு எல்லாம் முடிந்துபோகிறது என்ற லோகாயதம்! புண்ணியமே இல்லை என்றவர் எதற்காக அந்த மயிர்க் கம்பளத்தைச் சுமந்தார் என்பது இன்று வரை எனக்கு விளங்காத புதிர். புத்தர், குளிரில் குளிர்ந்து வெயிலில் சுட்டு, தீண்டுவதற்கு முரடாக இருக்கும் அந்தக் கம்பளத்தை நெய்த ஆடைகளிலெல்லாம் இழிந்ததாகக் கருதியதை அங்குத்தர நிகாயம் காட்டுகிறது.

மதுரைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நகரத்தைச் சூழ்ந்துள்ள மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, ஆனைமலை, அழகர்மலை, முத்துப்பட்டி ஆகிய குன்றுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த குகைத்தளங்களில், சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். உடலைத் தமக்கு உரிமையற்ற பொருளாகவே பாவித்து, தலைமயிரைக் கையால் பறித்தெறிந்து, வேண்டியபோது உண்ணாநோன்பிருந்து உயிரையே விடத் துணிந்த மரபு அது. துன்பத்தைத் தேடுவதில் அவர்களை மிஞ்சியவர் எவருமில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குகைகளை நின்று நிதானித்துப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. கரடுமுரடான பாறையை அப்படியே விட்டுவிடாமல் கிடப்பதற்கு வாகாகச் சமப்படுத்தி, தலைமாட்டில் தலையணைபோல் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள்; குகையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டி, பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் முன்புறத்திலேயே சொட்டும்படி செய்திருக்கிறார்கள். அழகர்மலைக் கல்வெட்டுகளில், அங்கே கொடையளித்தவர்களாக உப்பு வணிகனோடும் கொழு வணிகனோடும் அறுவை வணிகன் ஒருவனும், அதாவது துணி வியாபாரி, காணப்படுகிறான். நனைந்த படுக்கையில் கிடந்து நடுங்குவதால் கர்மம் கழியும் என்று அந்த முனிவர்கள் நினைத்திருந்தால், உளியை எடுத்த தச்சனைத் தடுத்திருப்பார்கள். எதைத் துறப்பது என்பதில் தயை தாட்சணியமின்றி இருந்தவர்கள், எதனால் பயனில்லை என்பதையும் அறிந்தே இருந்தார்கள்.

ஆடையைக் குறித்து இந்த ஊரில் நிகழ்ந்த மற்றொரு தீர்மானம் உலகறிந்தது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மேலமாசி வீதியிலுள்ள வீட்டு மாடியில் காந்தியடிகள் குல்லாயையும் மேற்சட்டையையும் களைந்து இடையில் முழத்துண்டு மட்டும் தரித்தார். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில், அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் அவர் கதர் அணியச் சொன்னபோது, கதர் வாங்கும் சக்தி எங்களுக்கு இல்லை என்று அவர்கள் சொன்ன விடை அவர் மனத்தை அறுத்தது. அந்நாளைய கதர் உடம்பில் உரசும் முரட்டுத் துணி என்பதை அதை உடுத்திய தலைமுறை நன்கறியும். ஆயினும் அந்தத் தீர்மானத்தில் உரசல் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அவர் வெளியிட்ட அறிக்கையில், உடலைக் காக்கத் தேவைப்படும்போது போர்வை ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வேன் என்று தெளிவாக இடம் விட்டிருந்தார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றபோது, முழத்துண்டோடு போர்வையையும் போர்த்திக்கொண்டுதான் அந்தக் குளிரில் நடமாடினார். குளிரில் நடுங்கிக் காட்டுவது அவருடைய துறவின் பகுதியாக இருக்கவில்லை. அணிவதற்கில்லாதவர்கள் நாணாதபடி தாமும் குறைத்துக்கொள்வதே அதன் உயிர். பிறருடைய துன்பத்தில் ஒரு மணியளவாவது குறைக்காத கஷ்டத்தை அவர் தமக்குள் எத்தனையோ முறை பரீட்சித்திருக்கலாம். மதுரையில் செய்தது அந்த வகையன்று.

பிறருடைய துன்பத்தைக் குறைக்கிறதா என்ற இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கம்பளிக்குத் திரும்பினால், நம் தோலைவிட முக்கியமான தோல் ஒன்று எதிரே வந்து நிற்கிறது. மதுரைச் சமவெளியில் கிடை போடுகிற ஆடுகள் கம்பளி தராதவை. அவற்றை எருவுக்கும் இறைச்சிக்குமே வளர்க்கிறோம். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானல் மலைமேல், மன்னவனூரில், மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் பாரத் மெரினோ என்ற கலப்பினத்தை வளர்த்து வருகிறது. கடைகளில் வரும் உள்சட்டைகளின் கம்பளியோ பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. அங்கே மிகுந்த கம்பளிக்காக மடிப்பு மடிப்பான தோலுடன் பெருக்கிய மெரினோ குட்டிகளுக்கு, ஈ முட்டையிட்டுப் புழு வைக்காதிருக்க, வால்புறத்துத் தோலையே அறுத்தெடுக்கும் வழக்கம் இன்னும் பலவிடங்களில் இருக்கிறது. நியூஸிலாந்து 2018-ல் அதைத் தடைசெய்துவிட்டது. கழுத்தில் குத்துவதைப் பொறுத்துப் புண்ணியம் தேட விரும்புகிறவர், வாங்கும்போதே அந்த அறுவை செய்யாத பண்ணையின் கம்பளியா என்று விசாரிப்பாரானால், அந்தச் சிரமத்தில் ஓர் உயிருக்காவது நோவு குறையும். குத்துகிறது என்று பழையதை எறிந்துவிட்டுப் புதியதொன்றை வரவழைக்காமல், இருப்பதைச் செப்பனிட்டு மேலும் பத்து யாத்திரைக்கு அணிவது, வேண்டாத பொருளைச் சேர்க்காமை என்ற அபரிக்கிரகத்தின் சிறிய கிளை. வாளித் தண்ணீரும் வினிகரும் அதற்கு ஆகும் செலவு.

அவ்வளவு செய்தும் உறுத்துகிற சட்டை உண்டு. ஏனெனில் எல்லோருடைய தோலும் ஒரே பொறுமையுடன் படைக்கப்படவில்லை. அத்தகையோர் உள்ளே மெல்லிய பருத்திப் பனியனைப் போட்டு, அதன்மேல் கம்பளியை அணிந்தால் குளிர் தாங்கும், குத்தல் இராது. வெந்நீரில் துவைத்துத் திரிந்து குறுகிப்போன சட்டையை மட்டும் எந்த வினிகராலும் மீட்க முடியாது. அதைக் கத்தரித்தால் நூல் பிரியாது என்பதால், நீளவாட்டில் வெட்டி இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்து, காலையில் ஜபத்துக்கு உட்காரும் ஆசனமாக்கிக்கொள்ளலாம். சட்டையில் குற்றமாக இருந்த தடிப்பு மார்கழித் தரையின் சில்லிப்புக்கு நன்றாகவே உதவும்.