தூண்டில் நினைவுகளின் அறம்

செய்த காலத்தில் இன்னோர் உயிருக்கு நோவு தந்த ஒரு செயலைப் பல ஆண்டுகள் கழித்து மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்ப்பது அறத்துக்கு ஒத்ததா என்னும் வினா, கொல்லாமையைப் பற்றிச் சிந்தித்த எந்தச் சமயமும் எதிர்கொண்டாக வேண்டிய ஒன்றாகும். தூத்துக்குடி வட்டாரத்தில் இவ்வினா மிக இயல்பான ஓரிடத்தில் எழுகிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் எனத் தாமிரபரணியின் கடைமடைப் பகுதி நெடுகிலும், பெருங்குளம், கடம்பாகுளம், கோரம்பள்ளம் குளம் ஆகியவற்றின் கரைகளிலும் வளர்ந்த முதியவர்கள் ஒன்றுகூடினால், சிறுவயதில் தூண்டில் போட்ட பேச்சு வராமல் போவதில்லை. அப்பேச்சில் அவர்கள் முகம் மலர்வதும் தவறுவதில்லை. அந்த மலர்ச்சி குற்றமற்றதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அந்நினைவுகளில் இருப்பவை எவையென முதலில் காண வேண்டும். சிரட்டையில் ஈரமண்ணோடு அள்ளிவந்த மண்புழு, மூங்கில் கழியில் கட்டிய தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டை நறுக்கிச் செய்த தக்கை, கெண்டை கொத்தினால் அத்தக்கை நடுங்கும் என்றும் கெளுத்தி இழுத்தால் ஒரேயடியாக முங்கும் என்றும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தாத்தாவோ மாமாவோ, பேசாமல் காத்திருந்த நீண்ட நேரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பிடித்த மீனின் செவுள் வழியே பனை ஈர்க்கைக் கோத்து நீருக்குள் தொங்கவிட்டால் வீடு திரும்பும்வரை அது உயிரோடிருக்கும் என்னும் அறிவும், ஐப்பசி வெள்ளத்தில் மடையை எதிர்த்து ஏறிவரும் சினைக்கெண்டைகளைக் கூடை கூடையாக அள்ளிய பெருமையும் அதே நினைவுகளுக்குள் இருக்கின்றன. பெரியவரின் பொறுமையும் மீனின் துடிப்பும் ஒரே கரையில் நிகழ்ந்தவை ஆகையால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கிவிட நினைவுக்கு உரிமை இல்லை.

இவ்வினாவுக்கு மிகக் கண்டிப்பான விடையைத் தருவது சமணம். இதே மாவட்டத்தின் வடக்கே, கழுகுமலைப் பாறையில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு முதல் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், அந்நெறி இம்மண்ணில் ஊன்றி வாழ்ந்ததற்குச் சான்றாக நிற்கின்றன. சமண அறநூலார் வினையை, தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்து, அம்மூன்றும் மனம், மொழி, உடல் ஆகிய மூன்றன் வழியாகவும் நிகழக்கூடும் என்றனர். உடன்படுதல் என்பது நடந்த தீங்கை உள்ளத்தால் ஏற்று அதில் மகிழ்தலாகும். இதன்படி, அறுபது ஆண்டுகளுக்கு முன் பிடித்த கெண்டையை இன்று எண்ணி மகிழ்பவர் பழைய செயலை வெறுமனே காண்பதில்லை. மனத்தாலும் மொழியாலும் அதை மீண்டும் செய்கிறார். நினைவு என்பது கடந்ததைக் காட்டும் சாளரம் மட்டுமே என்றும், அதற்குப் பொறுப்பு ஏதும் இல்லை என்றும் கருதுவோருக்கு இக்கோட்பாடு எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பாகும்.

ஆயினும், நினைவில் தோன்றும் மகிழ்ச்சி அனைத்தும் உடன்பாடுதானா என்று கேட்க இடமுண்டு. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆயர் அகுஸ்தீனார், தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் நினைவாற்றலை ஆராயும்போது, ஒரு செயலின்போது இருந்த உணர்வும் அதை நினைக்கும்போது எழும் உணர்வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று எடுத்துக்காட்டுகிறார். கடந்த துயரை மகிழ்வோடும் கடந்த மகிழ்வைத் துயரோடும் நினைக்க மனிதரால் இயலும். சிறுவனின் அன்றைய களிப்பும் முதியவரின் இன்றைய இரக்கமும் ஒரே நினைவுக்குள் பொய்யின்றிக் கூடியிருக்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. அறத்துக்கு முரணானது மகிழ்ச்சியன்று. மீனின் பங்கை மறைத்துவிட்டு மகிழ்வதே முரணானது.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கத்தோலிக்க மறையைத் தழுவிய, முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையின் பரதவருக்கு, இக்கருத்து நற்செய்தியின் ஒரு காட்சி வழியாக நெருக்கமானது. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், இக்கரையில் இராயப்பர் எனப்படும் பேதுரு, மீன்பிடித்துவிட்டுத் திபேரியாக் கடற்கரைக்கு வருகிறார். அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. தம் ஆண்டவரை அறியேன் என்று அவர் மும்முறை மறுதலித்ததும் அத்தகைய ஒரு கரிநெருப்பின் அருகில்தான். இப்போது இயேசு அவரிடம் மும்முறை கேட்கும் அன்பு பற்றிய கேள்வி, அம்மறுதலிப்பின் நினைவை அழித்துவிடவும் இல்லை, அவரை வெட்கத்திலேயே நிறுத்திவிடவும் இல்லை. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஆடுகளைப் பேணும் பணி ஒன்று அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. புன்னைக்காயலில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் எனும் ஹென்றிக் ஹென்ரிக்ஸ், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வோருக்காக 1580இல் கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' என்னும் தமிழ் நூலை அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பிழைகளை நினைவிலிருந்து தேடியெடுத்து வாய்விட்டு அறிக்கையிடுதல். நினைத்துப் பார்ப்பது ஒரு கடமையாகவும் பயிலப்பட வேண்டியது என்பதை இக்கரை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

சைவ மரபு இதே இடத்துக்கு வேறொரு வழியில் வந்து சேர்கிறது. பெரியபுராணம் போற்றும் அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர். நாள்தோறும் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் கிடைத்த நாட்களில் பசியோடிருந்தும் அதையே விட்டவர். இறுதியில் பொன்மீன் வந்தபோதும் நெறி மாறாதவர். நாகையில் ஆவணித் திங்களில் நடக்கும் பொன்மீன் விழா இதன் நினைவாகும். அதிபத்தர் மீன்பிடித்தலை விடவில்லை என்பதும், பிடித்தது முழுவதும் தமக்கே உரியதென்று ஒருநாளும் கொள்ளவில்லை என்பதும் சேர்ந்தே அவருடைய அறம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகாத முத்துக்குளித்துறை மீனவரின் வழக்கத்திலும் இதே உணர்வின் சாயலைக் காணலாம்.

இம்மூன்று நெறிகளும் வேறுபடும் இடங்கள் பல. எனினும், நீரிலிருந்து எடுத்தவர் நீருக்குக் கடன்பட்டவர் என்பதை மூன்றும் வெவ்வேறு வழியில் நினைவூட்டுகின்றன. அக்கடனை இன்று எவ்வாறு அடைப்பது என்பதற்கு மீன்வளத் துறையிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல், ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட நிலையையே இயற்கையின் முழு நிலை என்று கொண்டுவிடுவதால், இழப்பு அடுத்த தலைமுறையின் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது என்று எழுதினார். இதனை அளவுகோல் நகர்தல் எனலாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை இன்றைய சிறுவன் தன் ஊர்க்குளத்து மீனென்றே அறிகிறான். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்குப் பின் பிறந்தவருக்கு முத்துப்பார், அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு, வெறும் பெயராகவே எஞ்சியது. பவளப்பாறைகள் பெருமளவு வெட்டியெடுக்கப்பட்ட இக்கடலில், விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள் மூழ்கியும்விட்டது. அது தீவாக இருந்ததைக் கண்டவர்கள் சொல்லாவிட்டால், இழந்தது இன்னதென்று கேட்கவும் இளையோருக்குத் தெரியாது.

ஆதலால் முதியவரின் தூண்டில் நினைவு வெறும் பொழுதுபோக்கன்று; அது சாட்சியம். எந்த மடையில் விரால் கிடந்தது, எந்தக் கால்வாயில் அயிரை ஏறியது என்று சொல்லும்போதே, சினைக்கெண்டைகளைக் கூடைகூடையாக அள்ளியதில் தம் கையும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்பவர், சமணம் கேட்கும் உண்மையையும் இராயப்பர் பெற்ற பணியையும் அதிபத்தரின் திருப்பிக்கொடுத்தலையும் தம்மால் இயன்ற அளவில் ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறு சொல்லிய பின், சினைமீன் தூண்டிலில் மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கவும், குளத்தில் கழிவு கலப்பதை ஊர்க்கூட்டத்தில் எழுந்து தட்டிக்கேட்கவும் அவர் முன்வருவாரானால், அவருடைய மகிழ்ச்சியைக் குற்றம் என்று எந்த அறநூலும் சொல்லத் தேவையில்லை. அதைச் செய்யாமல் பழைய நாட்களை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பது, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அடைக்காத கடனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதாகவே முடியும்.