ஒற்றைப்படை, இரட்டைப்படை



நீலகிரியில் பிறக்கும் பவானி முதலில் நம் பக்கம் வருவதில்லை. மேற்கே கேரளத்துக்குள் போய், முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி இருளர் ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே வருகிறது. பவானிசாகரில் மாயாறும் சேர்ந்த பிறகுதான் கீழ்பவானி வாய்க்காலில் நமக்குத் தண்ணீர். ‘எங்க தண்ணி’ என்று சண்டைக்கு நிற்கும்போது, நமக்கு முன்னே அதில் குடித்தவர்களையும் குளித்தவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

வந்த தண்ணீரும் எல்லாருக்கும் ஒரே போகத்தில் கிடைப்பதில்லை. ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். ஆகஸ்டில் பாதிக்கு நெல்லுக்கு விடுகிறார்கள். தை பிறந்தால் மறுபாதிக்குப் புஞ்சைப் பயிருக்கு. ஒற்றைப்படை மதகு திறந்திருந்தால் இரட்டைப்படை மதகு மூடியிருக்கும். அடுத்த ஆண்டு மாறும். பக்கத்து வயலில் நாற்று நடுவதைப் பார்த்தபடி, காய்ந்த காட்டோடு காத்திருக்கிறோம். கோவிலுக்கு வராதவரும் கடைப்பிடிக்கும் தவக்காலம் இது!

இன்றைய நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவரின் முறையீட்டைக் கேட்டீர்கள். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் வேறொருவர் முந்திக்கொள்கிறார். கடைமடைக்காரர் சொல்வதும் இதுதானே? நிலக்கடலை விழுது இறங்கும் நேரம் ஒரு தண்ணி தவறினால் பொக்குதான் மிஞ்சும். செடி பச்சையாகத்தான் நிற்கும். பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். தலைமடையில் மோட்டார் போட்டவர் அந்தச் செடியைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

எசேக்கியேல் கண்ட ஆறு, கோவிலிலிருந்து புறப்பட்டுப் போன இடமெல்லாம் வாழ்வு தந்தது. ஆனால் இன்றைய வாசகம் 11ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. வீட்டில் விவிலியத்தைத் திறந்து பாருங்கள். சேற்று நிலமும் சதுப்பும் மட்டும் நலமடையாமல் உப்பாகவே விடப்படுகின்றன. ஆறு அவற்றை ஒதுக்கிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. வடிகால் இல்லாத வயலில் உப்புப் பூப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே தண்ணீர் வராமலா இருந்தது? வந்தது வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்காவுக்கு முன் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருவீர்கள். கோபத்தையும் பொய்யையும் சொல்லும்போது, முறை இல்லாத இரவில் வாய்க்காலுக்குள் இறக்கிய குழாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் குழாயை எடுத்துவிட்டு வாருங்கள். ஆமென்.